நன்றாக உறிஞ்சும் பொருள் ஏன் பளபளக்கிறது?

கேள்வி இதுதான். ஒரு திடப்பொருள் மேல் விழும் ஒளியில் உறிஞ்சப்பட்டது போக மீதிதான் எதிரொளிக்க முடியும், அப்படியானால் அதிகமாக உறிஞ்சும் பொருள் குறைவாக எதிரொளிக்க வேண்டும். ஆனால் பொருள்களின் ஒளிக்குணங்களைத் தரும் அட்டவணையைத் திறந்து பார்த்தால் உலோகங்களுக்குத்தான் உறிஞ்சும் குணகம் எக்கச்சக்கமாக இருக்கிறது, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பதும் அவைதான். இதில் எது தப்பு?

இரண்டுமே சரிதான். இரண்டு வேறு அளவுகளை ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் வருகிறது. முதல் அளவு, மேலே விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் கடைசியில் பொருளுக்குள் வெப்பமாகப் போய்ச் சேர்ந்தது என்பது. இதற்குக் கூட்டல் கணக்கு பொருந்தும்: எதிரொளித்தது, ஊடுருவிப் போனது, உறிஞ்சப்பட்டது மூன்றையும் கூட்டினால் நூறு வந்தே ஆக வேண்டும். இரண்டாவது அளவு உறிஞ்சும் குணகம். ஒளி உள்ளே நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எத்தனை நானோமீட்டர் ஆழத்தில் அது தேய்ந்துபோகிறது என்று மட்டும்தான் இது சொல்லும். வாசலில் எவ்வளவு ஒளி திருப்பி அனுப்பப்பட்டது என்பது இந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வெள்ளியையும் சிலிக்கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். 600 நானோமீட்டர் அலைநீளம், அதாவது ஆரஞ்சு நிற ஒளியை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளின் ஒளிக்குணத்தை இரண்டு எண்களில் அடக்கலாம்: ஒன்று நமக்குத் தெரிந்த ஒளிவிலகல் எண், இன்னொன்று உள்ளே அலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று சொல்லும் எண், அதைத் தேய்வு எண் என்று வைத்துக்கொள்கிறேன் (உறிஞ்சும் குணகத்தைக் கணக்கிடுவது இதிலிருந்துதான்). வெள்ளிக்குத் தேய்வு எண் சுமார் 4, சிலிக்கானுக்குச் சுமார் 0.02, அதாவது 200 மடங்கு குறைவு. வெள்ளிக்குள் 12 நானோமீட்டர் போவதற்குள் ஒளியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மட்டுமே மிஞ்சும், சிலிக்கானில் அதே தேய்வுக்கு இரண்டு மைக்ரானுக்கு மேல் போக வேண்டும். ஆனால் வெப்பமாக மாறுவது எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளி 97, 98 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, உள்ளே தங்குவது இரண்டு மூன்று சதவீதம். மெருகேற்றிய வெறும் சிலிக்கான் 35 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி 65 சதவீதம் உள்ளே போகிறது, தகடு நூறு இருநூறு மைக்ரான் தடிமன் இருப்பதால் உள்ளே போன எதுவும் வெளியே வராது. தேய்வு எண் 200 மடங்கு குறைந்த பொருள்தான் இருபது மடங்குக்கு மேல் ஒளியை விழுங்குகிறது!

செங்குத்தாக விழும் ஒளிக்கு இதன் கணக்கின் அடிப்படையைக் கொடுத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல். அதை வார்த்தையிலேயே சொல்லிவிடலாம். ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து இருபடி எடுங்கள், அதோடு தேய்வு எண்ணின் இருபடியைக் கூட்டுங்கள், இதை மேலே போடுங்கள். கீழே, ஒளிவிலகல் எண்ணோடு ஒன்றைக் கூட்டி இருபடி எடுத்து, அதே தேய்வு எண்ணின் இருபடியைச் சேருங்கள். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் எதிரொளிப்பு விகிதம் கிடைக்கும். சாதாரணக் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.5, தேய்வு எண் கிட்டத்தட்ட பூஜ்யம், விடை 4 சதவீதம். அலுமினியத்துக்கு 1.2, 7 என்று போட்டால் 91 சதவீதம் வரும். தேய்வு எண் மேலேயும் கீழேயும் இருப்பதைக் கவனியுங்கள். அது பெரிதாகப் பெரிதாக மற்றதெல்லாம் சின்னதாகி, விகிதம் ஒன்றை நோக்கிப் போகிறது. அதாவது ஒளியை உள்ளே வேகமாகத் தேய்க்கும் பொருள் அதை வாசலிலேயே திருப்பியும் அனுப்புகிறது. நீங்கள் அட்டவணையில் பார்த்தது தற்செயல் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, ஏன் அப்படி? சூத்திரம் சொல்கிறது என்பது ஒரு காரணம் ஆகாது. ஒளி என்பது வேகமாக ஆடும் மின்புலம். அது பொருளைத் தொட்டதும் அங்கிருக்கும் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது, ஆடும் எலக்ட்ரான்கள் தாங்களும் ஒளியை வெளியிடுகின்றன. அந்தப் புது ஒளியில் முன்பக்கம் போவது, வந்த ஒளியோடு சேர்ந்து 'உள்ளே போகும் அலை' ஆகிறது. பின்பக்கம் வருவதைத்தான் நாம் எதிரொளிப்பு என்கிறோம். இரண்டும் ஒரே எலக்ட்ரான்களின் ஒரே ஆட்டத்திலிருந்து வருகின்றன. ஆகவே ஒளிக்கு பலமாக ஆடும் பொருள் எதுவானாலும் உள்ளே போகும் அலையையும் பலமாக மாற்றும், பின்பக்கமும் பலமாக வீசும். பலமாக ஆடாத பொருள், அது காற்றாகட்டும் நீராகட்டும், இரண்டையுமே மெதுவாகத்தான் செய்யும்.

இங்கே பலரும் சறுக்குகிற ஒரு இடம் உண்டு. அலை தேய்வது என்றால் அதன் ஆற்றல் வெப்பமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஊஞ்சலை அதன் சொந்த ஆட்டத்தைவிட மிக வேகமாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், நீங்கள் தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில்தான் அது இருக்கும், சராசரியாக உங்களிடமிருந்து எந்த ஆற்றலையும் வாங்கிக்கொள்ளாது. உலோகத்தில் இருக்கும் கட்டிலா எலக்ட்ரானுக்குத் திரும்பி வர ஒரு நிலையான இடமே இல்லை, அதற்குச் சொந்த ஆட்டம் கிடையாது, எனவே எந்த ஒளியும் அதற்கு வேகமான தள்ளல்தான். அது மின்புலத்துக்கு நேர் எதிராக ஆடி, உள்ளே போகும் அலையைச் சில பத்து நானோமீட்டருக்குள் கழித்து இல்லாமல் செய்துவிடுகிறது, அந்த ஆற்றல் முழுவதும் பின்பக்கம் திரும்பி வருகிறது. இழப்பே இல்லாத ஒரு கற்பனை உலோகத்தை எடுத்தால், அதற்கு ஒளிவிலகல் எண் பூஜ்யம், தேய்வு எண் மட்டும் பெரிது, எதிரொளிப்பு சரியாக நூறு சதவீதம், வெப்பம் துளிகூட இல்லை. உள்ளே அலை இருக்கிறது, அது தேய்கிறது, ஆனால் யாரும் எதையும் விழுங்கவில்லை. நிஜ வெள்ளி அந்தக் கற்பனைக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது, அதன் ஒளிவிலகல் எண் 0.1 அளவில்தான் இருக்கிறது. கடைசியில் அதில் வெப்பமாகும் அந்த இரண்டு மூன்று சதவீதம், ஆடும் எலக்ட்ரான்கள் அணிக்கோவையின், அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கின், அதிர்வுகளிலும் குறைகளிலும் மோதுவதால் வருவது.

உலோகத்தின் இந்தத் தடுப்புக்கும் எல்லை உண்டு. அதிர்வெண் ஒரு அளவுக்கு மேல் போனால் எலக்ட்ரான்களால் அலையை முழுவதும் கழிக்க முடியாது, ஒளி உள்ளே போய்விடும். வெள்ளியே 320 நானோமீட்டர் பக்கம், புற ஊதாவில், தன் பளபளப்பைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்கள் புற ஊதாவில் ஒளிபுகும் பொருள்களாகவே மாறுவதை ராபர்ட் வுட் 1933இல் அளந்து காட்டினார். இதையே வேண்டுமென்று செய்தால் நமக்கு மிகப் பயன். கைப்பேசித் திரையில் பூசப்பட்டிருக்கும் இண்டியம் டின் ஆக்சைடில் கட்டிலா எலக்ட்ரான்கள் வெள்ளியில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், அதனால் அந்த எல்லை அகச்சிவப்புக்கு இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு அது கண்ணாடி, வெப்பக் கதிருக்கு அது உலோகம்.

இப்போது தங்கம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பொருள் அதுதான், ஏனென்றால் நாம் மேலே பார்த்த இரண்டு நடத்தைகளும் ஒரே பொருளில், வேறு வேறு நிறங்களில் இருக்கின்றன. சிவப்பு ஒளிக்குத் தங்கம் வெள்ளி மாதிரி: தேய்வு எண் மூன்றரை, ஒளிவிலகல் எண் மிகச் சிறியது, எதிரொளிப்பு 95 சதவீதத்துக்கு மேல். சுமார் 520 நானோமீட்டருக்குக் கீழே, பச்சையும் நீலமும் வரும்போது, ஒரு ஒளித்துகளின் ஆற்றல் தங்க அணுவின் உள்ளே இருக்கும் வேறு எலக்ட்ரான்களை மேலே தூக்கிவிடப் போதுமானதாகிவிடுகிறது, இங்கேதான் நிஜமாகவே விழுங்குதல் ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால் நீல ஒளிக்குத் தேய்வு எண் ஏறக்குறைய 1.9, அதாவது சிவப்புக்கு இருப்பதைவிடக் குறைவு. நீலம் சிவப்பைவிட ஆழமாக உள்ளே போகிறது, போனது திரும்பி வராமல் வெப்பமாகிறது, எதிரொளிப்பு 40 சதவீதத்துக்கு இறங்குகிறது. வெள்ளை ஒளியில் நீலத்தைக் குறைத்தால் மஞ்சள். உறிஞ்சும் குணகத்தை மட்டும் பார்த்து 'தங்கம் சிவப்பைத்தான் அதிகம் உறிஞ்சுகிறது' என்று ஒருவர் எழுதினால், அட்டவணைப்படி அவர் சொல்வது சரி, நகையைப் பார்த்தால் தலைகீழ்!

தங்கத் தகட்டை அடித்து அடித்து நூறு நானோமீட்டர் பக்கம் கொண்டு வந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது பச்சையாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கப் படலங்களைப் பற்றிச் செய்த நீண்ட ஆய்வில் இதெல்லாம் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் வாசலிலேயே திரும்பிவிட்டன, நீலத்தை உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் சாப்பிட்டுவிட்டன, நடுவில் பச்சை மட்டும் தப்பிப் போகிறது. வெள்ளியிலும் இதே மாதிரி ஒரு ஆற்றல் இடைவெளி உண்டு, ஆனால் அது புற ஊதாவில் இருப்பதால் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. தங்கத்தில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குள் இறங்கி வந்ததற்குக் காரணம் சார்பியல் விளைவு. அணுக்கரு அவ்வளவு கனமாக இருக்கும்போது உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டுகின்றன, அதனால் ஆற்றல் மட்டங்கள் நகர்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 ஆடிகளுக்கும் நூறு நானோமீட்டர் தங்கம் பூசியது இதனால்தான்: அது வேலை செய்வது பெரும்பாலும் அகச்சிவப்பில், அங்கே தங்கம் 98 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், நீலத்தை இழப்பதைப் பற்றிக் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கிகளுக்கு, நம் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உட்பட, அலுமினியம் பூசுகிறார்கள், அது நீலத்திலும் விசுவாசமாக இருக்கும்.

உலோகம் என்றால் கட்டிலா எலக்ட்ரான் இருக்கிறது, அதனால் இப்படி, மற்ற பொருள்களில் பழைய விதிதான் என்று நினைத்துவிடாதீர்கள். அவுரியை எடுங்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிட்டு நீலக்கட்டி எடுக்கிறார்கள். நல்ல நீலக்கட்டியை நகத்தாலோ வழுவழுப்பான கல்லாலோ அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் செம்பு மாதிரிப் பளபளக்கும், சரக்கின் தரத்தைப் பார்க்கப் பழைய காலத்திலிருந்தே இதைச் செய்திருக்கிறார்கள். நீலச் சாயத்தில் செம்பு நிறம் எங்கிருந்து வந்தது? அவுரி நிறமி சிவப்பு, ஆரஞ்சு ஒளியை மிகக் கடுமையாக உறிஞ்சும், அதனால்தான் துணியில் அது நீலம். ஆனால் அவ்வளவு கடுமையாக உறிஞ்சும் அந்த அலைநீளங்களில் அதற்குத் தேய்வு எண்ணும் பெரிது, ஆகவே மேற்பரப்பு வழுவழுப்பானதும் அதே சிவப்பை உலோகம் போலத் திருப்பி அனுப்புகிறது. துணியிலும் கரைசலிலும் சாயம் மெல்லியதாகப் பரவி இருப்பதால் ஒளி ஊடே போய்த் திரும்புகிறது, நாம் பார்ப்பது விழுங்கியது போக மீந்த நிறம். கட்டியில் தெரிவது வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட நிறம். ஒன்றுக்கொன்று எதிர் நிறங்களாகத்தான் இருக்கும். மெஜந்தா சாயத்தின் படிகங்கள் பச்சையாகப் பளபளப்பதும், பேனா நீல மை தடிமனாகக் காய்ந்த இடத்தைச் சாய்த்துப் பார்த்தால் செம்பு நிறம் மின்னுவதும் இதே சங்கதி.

இதன் அகச்சிவப்பு வடிவம் இயற்பியலின் வரலாற்றையே குவாண்டம் பக்கம் திருப்பியது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. உப்பு, குவார்ட்ஸ், ஃப்ளூரைட் எல்லாம் கண்ணுக்கு நிறமற்றவை. ஆனால் அவற்றின் அயனிகள் தங்கள் இடத்தில் அதிரும் அதிர்வெண்ணோடு வரும் அகச்சிவப்பு ஒத்துப்போகும்போது உறிஞ்சுதல் உச்சத்துக்குப் போகிறது, அந்த அலைநீளத்தில் மட்டும் உப்புக்கட்டி உலோக ஆடியாகிவிடுகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் ரூபன்ஸ் இதை ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தினார். பல அலைநீளங்கள் கலந்த கதிரை ஒரே வகைப் படிகத்தின் பரப்புகளில் திரும்பத் திரும்ப எதிரொளிக்கவிட்டால், நன்றாக எதிரொளிக்கும் அந்த ஒரு பட்டை மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் ஒவ்வொரு மோதலிலும் உதிர்ந்துவிடும். இப்படிப் பாறை உப்பிலிருந்து 51 மைக்ரான் பக்கம் ஒரு கதிரைப் பிரித்தெடுத்து, ரூபன்ஸும் குர்ல்பாமும் 1900இல் கரும்பொருள் கதிர்வீச்சை, அதாவது விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருள் சூடாகும்போது வீசும் கதிரை, அளந்தார்கள். அதுவரை பலரும் நம்பிய, அந்தக் கதிர் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் வீனின் சூத்திரம் அந்த நீண்ட அலைநீளத்தில் பொருந்தவில்லை. அக்டோபர் 7ஆம் தேதி ரூபன்ஸ் இந்த விவரத்தை மாக்ஸ் பிளாங்க்கிடம் சொன்னார், 19ஆம் தேதி பிளாங்க் தன் புதிய சூத்திரத்தை பெர்லினில் அறிவித்தார். உப்பு நன்றாக உறிஞ்சுவதால் நன்றாக எதிரொளிக்கிறது என்ற இந்த ஒரு குணம் இல்லையென்றால் அந்த அளவீடு அந்த வருடம் நடந்திருக்காது.

சரி, உறிஞ்சவே உறிஞ்சாத, ஒளிபுகும் பொருளில்? அங்கேயும் இந்த உறவு விடாது. ஒரு பொருள் எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் எல்லா அலைநீளங்களிலும் அதன் ஒளிவிலகல் எண்ணைத் தீர்மானிக்கிறது. இயற்பியலாளர்கள் கிராமர்ஸும் குரோனிக்கும் 1920களில் தனித்தனியே காட்டிய தொடர்பு இது, இதற்கு அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: ஒளி வந்து சேர்வதற்கு முன்னால் எலக்ட்ரான் ஆட ஆரம்பிக்க முடியாது. ஜன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை, ஆனால் புற ஊதாவில் நன்றாக உறிஞ்சுகிறது, அந்தத் தூரத்து உறிஞ்சுதலின் நிழல்தான் இங்கே 1.5 என்ற ஒளிவிலகல் எண்ணாகவும், ஒரு பரப்புக்கு 4 சதவீத எதிரொளிப்பாகவும் தெரிகிறது. வைரம், சிலிக்கான், ஜெர்மானியம் மூன்றுக்கும் ஒரே படிக அமைப்பு. உறிஞ்சுதல் தொடங்கும் ஆற்றல் வைரத்தில் 5.5 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானில் 1.1, ஜெர்மானியத்தில் 0.67. அவை ஒளிபுகும் அலைநீளங்களில் ஒளிவிலகல் எண் வரிசையாக 2.4, 3.4, 4. ஒரு பரப்பின் எதிரொளிப்பு 17, 30, 36 சதவீதம். உறிஞ்சும் எல்லை கிட்டே வர வர, உறிஞ்சாத இடத்திலும் எதிரொளிப்பு ஏறுகிறது. வெப்பக் கேமராவின் ஜெர்மானிய லென்ஸுக்கு எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு பரப்புகளிலும் சேர்த்து வரும் கதிரில் பாதிக்கு மேல் வீணாகிவிடும்.

அப்படியானால் கறுப்பு எப்படி உண்டாகிறது? நன்றாக உறிஞ்சும் பொருள் எல்லாம் பளபளக்க வேண்டும் என்றால் கரி ஏன் பளபளக்கவில்லை? இதற்குப் பதில் மேற்பரப்பில் இருக்கிறது. கிராஃபைட்டின் வழுவழுப்பான முகத்தில் விழும் ஒளியில் கால் பங்குக்கு மேல் திரும்பி வருகிறது, பென்சிலால் அழுத்தித் தேய்த்த இடம் ஈயம் மாதிரி மின்னுவது அதனால்தான். விளக்குக் கரியும் அதே கார்பன்தான், ஆனால் அதில் இடைவெளிதான் அதிகம். ஒளிக்குக் காற்றிலிருந்து கார்பனுக்கு ஒரே தாவலில் போக வேண்டிய சுவர் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் அடர்த்தியாகிறது, எங்காவது பட்டுத் திரும்பினாலும் பக்கத்தில் இருக்கும் துகளில் போய் விழுகிறது. கார்பன் நானோகுழாய்களைப் புல்வெளி போலச் செங்குத்தாக வளர்த்துச் செய்த வான்டாபிளாக் 2014இல் வந்தபோது 99.965 சதவீதம் உறிஞ்சியது, அதில் பெரும்பங்கு வெறும் காலி இடம். கறுப்பாக இருக்க வேண்டுமானால் ஒளி முதலில் உள்ளே போக வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளியே கறுப்பாகும் இடமும் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே படத்தில் கறுப்பாகத் தெரிவது சுத்தமான வெள்ளி, மிக நுண்ணிய, சுருண்ட இழைகளாகக் கிடக்கும் வெள்ளி. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழந்தாலும் ஒளி அந்தச் சிக்கலுக்குள் பல முறை மோதி முழுவதும் அடங்கிவிடுகிறது, போதாததற்கு அவ்வளவு சின்ன வெள்ளித் துகள்கள் ஒளியை உறிஞ்சுவதும் தகட்டைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் படங்களை எடைக்கு வாங்குகிறவர்கள் வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். மறுபக்கம், மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) எடுத்தால் பெரிய படிகம் அடர் நீலம், அரைத்தால் வெளிறிப்போகும். அது ஒளியை மெதுவாகத்தான் உறிஞ்சும், பொடியாக்கினால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒளி போகும் தூரம் குறைந்து, எதிரொளிக்கும் பரப்புகள் பெருகிவிடுகின்றன. ஹெமடைட் என்ற இரும்புத் தாது இந்த இரண்டுக்கும் நடுவே: படிகமாக இருக்கும்போது எஃகு மாதிரிச் சாம்பல் பளபளப்பு, பொடித்தால் காவி. பொடியில் நீலம் வேகமாகவும் சிவப்பு மெதுவாகவும் தேய்கிறது, அதனால் சிவப்பு மட்டும் வெளியே வந்து சேர்கிறது. ஒரு பொருளைப் பொடித்தால் அதன் நிறம் வெளிறுமா இருளுமா என்பதிலிருந்தே அது பலமான உறிஞ்சியா மெதுவான உறிஞ்சியா என்று கண்ணாலேயே ஓரளவு சொல்லிவிடலாம், ஆய்வகம் தேவையில்லை.

வெப்பம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்த உறவு நம் கூரை வரைக்கும் வருகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ஹாஃப் 1859–60இல் காட்டியபடி, ஒரு அலைநீளத்தில் ஒரு பரப்பு எந்த அளவுக்கு உறிஞ்சுமோ அந்த அளவுக்குத்தான் அந்த அலைநீளத்தில் வெப்பத்தை வெளியே வீசும். நன்றாக எதிரொளிக்கும் பரப்பு மோசமான வீச்சுப் பரப்பு. புதுத் தகரக் கூரை வெயிலைப் பளிச்சென்று திருப்பி அனுப்புவதைப் பார்த்து உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் உலோகம் பத்து மைக்ரான் பக்கத்து அகச்சிவப்பில் இன்னும் நன்றாக எதிரொளிக்கும், அதனால் வாங்கிய கொஞ்ச வெயிலையும் வானத்துக்கு வீசி விடமுடியாமல் கொதிக்கிறது. அதன் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலுக்கு அது வெள்ளை, அகச்சிவப்புக்கு அது கிட்டத்தட்ட கறுப்பு, 90 சதவீதம் அளவுக்கு வீசும். தகரம் போட்ட வீட்டில் இருப்பவர்கள் கோடைக்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். சூரிய வெந்நீர்ச் சாதனத்துக்கு இதன் நேர் எதிர் வேண்டும். வெயிலுக்குக் கறுப்பாகவும் அகச்சிவப்புக்கு ஆடியாகவும் இருக்கும் பூச்சை இஸ்ரேலில் ஹாரி டேபர் 1950களில் உருவாக்கினார்: பளபளக்கும் உலோகத்தின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கறுப்புப் படலம், வெயிலின் குறுகிய அலைகள் அதில் அடங்கும், நீண்ட அலைகளுக்கு அது இருப்பதே தெரியாது, அடியில் இருக்கும் உலோகம்தான் தெரியும்.

கடைசியாக, ஆய்வகத்தில் அளக்கப் போகிறவர்களுக்கு. ஸ்பெக்ட்ரோமீட்டர் 'அப்சார்பன்ஸ்' என்று காட்டும் எண், ஊடுருவி வந்த ஒளி எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, திரும்பிப் போனதையும் விழுங்கியதையும் அது பிரித்துப் பார்க்காது. 50 நானோமீட்டர் வெள்ளிப் படலத்தை வைத்தால் சிவப்பு ஒளியில் ஒரு சதவீதம்தான் மறுபக்கம் வரும், கருவி 2 பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டும் (பத்தில் ஒரு பங்கு வந்தால் 1, நூறில் ஒரு பங்கு வந்தால் 2 என்பது அதன் கணக்கு), 99 சதவீதம் உறிஞ்சப்பட்டது என்று ஆய்வறிக்கையில் எழுதிவிடுவார்கள், உண்மையில் உறிஞ்சப்பட்டது இரண்டு மூன்று சதவீதம்தான். அதே போல எதிரொளிப்பை மட்டும் அளந்து நூறிலிருந்து கழித்து உறிஞ்சுதல் என்று எழுதினால், பின்பக்கம் ஊடுருவிப் போனதையும் சேர்த்து எழுதிவிடுகிறீர்கள். ஒளிபுகும் பொருள் என்றால் ஒரே பொருளில் இரண்டு தடிமன்களை எடுத்து, இரண்டின் ஊடுருவலையும் வகுத்துப் பாருங்கள், பரப்பின் எதிரொளிப்பு இரண்டிலும் பொது என்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது உண்மையான உறிஞ்சும் குணகம். பொடி என்றால் ஒருங்கிணைப்புக் கோளத்தில் (சிதறும் ஒளியை எல்லாத் திசையிலிருந்தும் சேர்த்துப் பிடிக்கும் கோளம்) வைத்துப் பரவல் எதிரொளிப்பை அளந்து, குபெல்காவும் முங்கும் 1931இல் கொடுத்த முறையில் மாற்றுங்கள். உலோகப் படலம் என்றால் ஊடுருவலை நம்பாதீர்கள், எலிப்சோமீட்டர் கிடைத்தால் அதில் வையுங்கள், எதிரொளித்த ஒளியின் முனைவாக்கம், அதாவது அதன் மின்புலம் ஆடும் திசை, எப்படி மாறுகிறது என்பதிலிருந்து ஒளிவிலகல் எண், தேய்வு எண் இரண்டையும் தனித்தனியாக அது கொடுத்துவிடும்.